பின்ன வகைக்கெழுச் சமன்பாடு, லாப்லாஸ் உருமாற்றம்: விடை தவறினால் எங்கே தேடுவது

பின்ன வரிசைச் சமன்பாட்டை, அதாவது வகைக்கெழுவின் வரிசை 1/2, 1.5 போல முழு எண்ணாக இல்லாத சமன்பாட்டை, லாப்லாஸ் உருமாற்றத்தால் தீர்ப்பது தாளில் நாலு வரி. அந்த நாலு வரியில் ஒன்று பிசகினாலும் கணினி எதிர்ப்பே காட்டாமல் அழகான ஒரு வளைவரையை வரைந்து கொடுத்துவிடும். விடை தவறு என்பதை வளைவரையின் நடுப்பகுதி காட்டிக்கொடுக்காது. அதன் இரண்டு முனைகள்தான் காட்டிக்கொடுக்கும்: நேரம் சுழியை நெருங்கும் இடம், நேரம் மிகப் பெரிதாகும் இடம். அதனால் கீழே உள்ளவற்றை, முனைகளில் என்ன தெரிகிறது என்பதை வைத்தே பெரும்பாலும் அடுக்கியிருக்கிறேன்.

குறியீடுகளைத் தமிழ் எழுத்துகளிலேயே வைத்துக்கொள்வோம். நேரம் ந. தேடும் சார்பு உ(ந). அதன் லாப்லாஸ் உருமாற்றம் ஊ(ச); இங்கே ச என்பது உருமாற்றத்தின் மாறி. வகைக்கெழுவின் வரிசை அ. தேய்வு மாறிலி க. அடுக்குக்குறிச் சார்பின் பொதுவடிவமான மிட்டாக்-லெஃப்ளர் சார்பு மி[அ], அதன் இரண்டு அளவுரு வடிவம் மி[அ, ஆ]. எக்ஸ்ப் என்பது அடுக்குக்குறிச் சார்பு, காமா என்பது தொடர்பெருக்கத்தை (!) முழு எண் அல்லாதவற்றுக்கும் விரிக்கும் சார்பு.

தொடங்குமுன் ஓர் உரைகல்லைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உ-வின் அ-ஆம் வரிசை வகைக்கெழு = −க·உ, உ(0) = 1 என்ற தளர்வுச் சமன்பாட்டில் அ = 1/2, க = 1 என்று வைத்தால் விடை முழுவதுமாகத் தெரியும்: எக்ஸ்ப்(ந) × எர்ஃப்சி(√ந). எர்ஃப்சி என்பது நிரப்புப் பிழைச் சார்பு. ந = 1 என்றால் 0.4276. ந = 4 என்றால் 0.2554. ந = 100 என்றால் 0.05614. இந்த மூன்று எண்களையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள். உங்கள் நிரல் எவ்வளவு பெரிய சமன்பாட்டுக்கு எழுதியதாக இருந்தாலும், முதலில் இந்த மூன்றையும் தரட்டும்.

நேரம் சுழியை நெருங்கும்போது விடை முடிவிலிக்கு ஓடுகிறது

உ(0) = 1 என்று கொடுத்தீர்கள். ஆனால் வரைபடத்தின் இடது ஓரம் செங்குத்தாக மேலே போகிறது. ஊ(ச)-வை எடுத்துப் பாருங்கள். அது 1/(ச^அ + க) என்று இருக்கிறதா? அப்படியானால் தொகுதியில் ச^(அ−1) விடுபட்டிருக்கிறது.

இது பழக்கத்தால் வரும் பிழை. முதல் வரிசை வகைக்கெழுவின் உருமாற்றம் ச·ஊ(ச) − உ(0) என்று மனதில் பதிந்திருக்கிறது. பின்ன வரிசை வந்ததும் ச-வின் அடுக்கை மட்டும் மாற்றி ச^அ·ஊ(ச) − உ(0) என்று கை எழுதிவிடுகிறது. பின்ன வகைக்கெழுவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வரையறைகள் உண்டு; அவற்றில் கபூட்டோ வகைக்கெழுவுக்கு, அ சுழிக்கும் ஒன்றுக்கும் இடையில் இருக்கும்போது, சரியான வடிவம் இது:

ச^அ·ஊ(ச) − ச^(அ−1)·உ(0)

இதிலிருந்து ஊ(ச) = ச^(அ−1)/(ச^அ + க). உருமாற்றத்தைத் திருப்பி நேரத்துக்கு வந்தால் மி[அ](−க·ந^அ).

இந்தப் பிழையைப் பற்றி எனக்கு உண்மையான கவலை ஒன்று உண்டு. அ = 1 என்று வைத்துப் பார்த்து, பழைய அடுக்குக்குறித் தேய்வு வந்தால் போதும் என்று பலரும் திருப்தி அடைகிறார்கள். இங்கே தவறான வடிவமும் சரியான வடிவமும் அ = 1-இல் ஒன்றேதான், இரண்டுமே 1/(ச + க). அந்தச் சோதனை எதையும் பிரித்துக் காட்டாது. அதற்குப் பதிலாகத் தொடக்க மதிப்புத் தேற்றத்தைப் பயன்படுத்துங்கள்: ச முடிவிலிக்குப் போகும்போது ச·ஊ(ச) எதை நெருங்குகிறது? சரியான வடிவத்தில் 1. தவறான வடிவத்தில் அது ச^(1−அ) போல வளர்ந்துகொண்டே போகும். ஒரு நிமிட வேலை. திருப்பத் தொடங்குவதற்கு முன்பே செய்துவிடலாம்.

ஆனால் 1/(ச^அ + க) எப்போதும் தவறு அல்ல. உங்கள் சமன்பாடு இன்னொரு வரையறையான ரீமன்-லியூவில் வகைக்கெழுவில் எழுதப்பட்டிருந்தால் அதுதான் சரி. விடை ந^(அ−1)·மி[அ, அ](−க·ந^அ), அது தொடக்கத்தில் முடிவிலிக்குத்தான் போக வேண்டும். அங்கே தொடக்க நிபந்தனையாகக் கொடுப்பது உ(0) அல்ல, உ-வின் (1−அ) வரிசைப் பின்னத் தொகையீட்டுக்குச் சுழியில் உள்ள மதிப்பு. ஆய்வகத்தில் தொடக்க வெப்பநிலையை அளக்கலாம், தொடக்க இடப்பெயர்ச்சியை அளக்கலாம்; பின்னத் தொகையீட்டின் தொடக்க மதிப்பை எந்தக் கருவியும் நேரடியாகக் காட்டாது. புவி இயற்பியலில் ஆற்றல் இழப்பை ஆராய்ந்த மிக்கேலே கபூட்டோ 1967இல் முன்வைத்த வடிவம் பயன்பாட்டுக்காரர்களிடம் இவ்வளவு பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எந்த வகைக்கெழு என்று ஒரு கட்டுரையில் சொல்லாமல் விட்டிருந்தால், மாறிலியின் வகைக்கெழு அங்கே எப்படி நடத்தப்படுகிறது என்று பாருங்கள். கபூட்டோவில் அது சுழி. ரீமன்-லியூவிலில் 1-இன் வகைக்கெழு ந^(−அ)/காமா(1−அ).

அ ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் இருந்தால் கபூட்டோவில் ச^(அ−2)·உ′(0) என்ற உறுப்பும் கழிக்கப்படும். தொடக்கச் சாய்வைக் கொடுக்க மறந்து நிரல் அதைச் சுழி என்று எடுத்துக்கொண்டால், வளைவரை சரியான இடத்தில் தொடங்கித் தவறான திசையில் போகும்.

1-இல் தொடங்க வேண்டியது 1.333-இல் தொடங்குகிறது

அ = 1.5, க = 1, உ(0) = 1, உ′(0) = 0. துருவங்களை (ஊ(ச)-வின் பகுதி சுழியாகும் ச மதிப்புகளை) கண்டுபிடித்து, ஒவ்வொன்றும் விடைக்குத் தரும் பங்கான எச்சங்களைக் கூட்டி, விடை (4/3)·எக்ஸ்ப்(−ந/2)·காஸ்(0.866 ந) என்று முடித்துவிட்டீர்கள். அழகாக ஆடி அடங்குகிறது. ஆனால் ந = 0 போட்டால் 4/3.

விடுபட்டது கிளை வெட்டு. ச^1.5 ஒற்றை மதிப்புச் சார்பு அல்ல. எதிர்க்குறி மெய் அச்சை வெட்டிவிட்டுத்தான் அதைக் கையாள முடியும், வெட்டின் இரண்டு கரைகளிலும் நடந்து வரும் தொகையீடு விடையில் சேர வேண்டும். அந்தப் பகுதி ந = 0-இல் சரியாக −1/3. சேர்த்தால் 1 வந்துவிடும்.

அதே தொகையீடுதான் நீண்ட நேரத்தில் ஆட்சி செய்கிறது. ந = 20-இல் ஆடும் பகுதியின் வீச்சளவு 0.00006 அளவுக்குச் சுருங்கிவிடும். ஆனால் முழு விடை ஏறத்தாழ −0.0032. அது −0.282·ந^(−1.5) என்ற வால். ஆட்டம் நின்ற பிறகு வளைவரை அச்சுக்குச் சற்றுக் கீழேயே இருந்து மெதுவாக மேலே வருவதைப் பார்த்துப் பிழை என்று திருத்தப் போகாதீர்கள். அது இருக்க வேண்டிய இடம் அதுதான்.

இதற்கு எதிர்த்திசைப் பிழையும் உண்டு. அ ஒன்றுக்குக் குறைவாக இருக்கும்போது துருவங்களைத் தேடி, ச^அ = −க என்பதற்கு ஏதோ ஒரு மூலம் கண்டுபிடித்து எச்சத்தைச் சேர்த்துவிடுவது. அந்த மூலத்தின் கோணம் பை/அ, அதாவது 180 பாகைக்கு மேல். கோணம் −180 முதல் 180 பாகை வரை மட்டுமே உள்ள முதன்மைத் தளத்தில் அது கிடையாது. அ < 1 என்றால் துருவமே இல்லை. விடை முழுவதும் கிளை வெட்டிலிருந்தே வருகிறது. அதனால்தான் அங்கே ஆட்டமும் இல்லை.

1-இல் தொடங்க வேண்டியது 0.667-இல் தொடங்குகிறது

கபூட்டோ-ஃபாப்ரிசியோ வகைக்கெழுவைப் பயன்படுத்துகிறீர்களா? 2015இல் வந்த இந்த வடிவத்தில் உட்கரு, அதாவது வகைக்கெழுவை வரையறுக்கும் தொகையீட்டுக்குள் எடையாகப் பெருகி நிற்பது, ஓர் அடுக்குக்குறிச் சார்பு; அது சுழியில் வெடிக்காது. இயல்பாக்க மாறிலியை 1 என்று வைத்தால் வகைக்கெழுவின் உருமாற்றம் (ச·ஊ(ச) − உ(0))/(ச + அ(1−ச)). தளர்வுச் சமன்பாட்டில் இதைப் போட்டுத் தொடக்க மதிப்புத் தேற்றத்தால் பார்த்தால் உ-வின் தொடக்கம் உ(0)/(1 + க(1−அ)) என்று வருகிறது. அ = 1/2, க = 1 என்றால் 0.667.

உங்கள் இயற்கணிதத்தில் பிழை இல்லை. அந்த வகைக்கெழு ந = 0-இல் எப்போதும் சுழி; ஆகவே சமன்பாடு அந்தக் கணத்தில் −க·உ(0) = 0 என்று கேட்கிறது, நீங்களோ உ(0) = 1 என்கிறீர்கள். இரண்டும் ஒத்துப்போகாது. இந்தச் சமன்பாட்டுக்கு இந்த வகைக்கெழு பொருந்தாது என்பதே என் கருத்து. சாதாரணக் கபூட்டோவுக்குத் திரும்புங்கள்.

சிறிய நேரத்துக்குச் சரி, பெரிய நேரத்தில் எண்கள் பைத்தியம் பிடித்தாற்போல் வருகின்றன

மிட்டாக்-லெஃப்ளர் சார்பை அதன் தொடரால் கணக்கிடுகிறீர்கள். உரைகல்லில் ந = 1, ந = 4 இரண்டும் பொருந்துகின்றன. ந = 100-இல் 0.05614 வர வேண்டிய இடத்தில் 26 இலக்க எண் ஒன்று வருகிறது, அல்லது 'எண் அல்ல' என்ற செய்தி வருகிறது.

என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மி[1/2](−10)-இன் தொடரில் எ-ஆம் உறுப்பின் அளவு 10^எ/காமா(எ/2 + 1), குறி மாறி மாறி வரும். எ = 200-இல் உறுப்பின் அளவு 10^200/100!, அதாவது சுமார் 10^42. அவ்வளவு பெரிய எண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மிச்சம் 0.056 வர வேண்டும். கணினியின் இரட்டைத் துல்லிய எண்ணில் இருப்பது ஏறத்தாழ 16 இலக்கங்கள். 10^42-இல் 16 இலக்கம் போக மிஞ்சும் பிழை 10^26. உங்கள் 26 இலக்க எண் அங்கிருந்துதான் வந்தது. மேலும் உறுப்புகளைச் சேர்த்தால் சரியாகும் என்று எண்ணி எ-யை 309-க்கு மேல் கொண்டுபோனால், 10^309 இரட்டைத் துல்லியத்தின் எல்லையையே தாண்டிவிடும். முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்தால் 'எண் அல்ல' என்பதுதான் விடை.

இது திடீரென்று வருவதல்ல என்பதுதான் ஆபத்து. ந = 25-இல், மி[1/2](−5)-க்கு, மிகப் பெரிய உறுப்பு சுமார் 6×10^9. பத்து இலக்கம் போய்விட்டது, ஆனால் முதல் நான்கைந்து இலக்கம் சரியாக இருப்பதால் வரைபடத்தில் எதுவும் தெரியாது. அந்த விடையை வகையிட்டாலோ, வேறு விடையிலிருந்து கழித்தாலோதான் வெளியே வரும்.

தீர்வு: பெரிய வாதத்துக்குத் தொடரைக் கைவிட்டு அணுகுகோட்டு விரிவை எடுங்கள். மி[அ](−ய) என்பதற்கு அது ய^(−1)/காமா(1−அ) − ய^(−2)/காமா(1−2அ) + ய^(−3)/காமா(1−3அ) என்று போகும். அ = 1/2, ய = 10 என்று போடுங்கள். முதல் உறுப்பு 0.05642. இரண்டாவதில் காமா(0) பகுதியில் வருகிறது, ஆகவே அந்த உறுப்பு சுழி. (காமா(0)-வைக் கணக்கிடச் சொன்னால் சில நூலகங்கள் பிழை என்று நின்றுவிடும். 1/காமா என்ற சார்பை நேரடியாக அழைத்தால் இந்தத் தொல்லை இல்லை.) மூன்றாவது −0.00028. கூட்டினால் 0.05614. மூன்றே உறுப்பில் உரைகல் எண் வந்துவிட்டது.

தொடருக்கும் அணுகுகோட்டு விரிவுக்கும் இடையில் இரண்டுமே தடுமாறும் ஒரு நடுப்பகுதி இருக்கிறது. அதற்குச் சொந்தமாக எழுதாதீர்கள். ராபர்ட்டோ கர்ராப்பா 2015இல் வெளியிட்ட முறை லாப்லாஸ் உருமாற்றத்தையே ஒரு பரவளையப் பாதையில் எண்முறையில் திருப்பி இந்தச் சார்பைக் கணக்கிடுகிறது. மேட்லாபில் அது கிடைக்கிறது. மேத்தமேட்டிகாவில் இந்தச் சார்பு உள்ளேயே இருக்கிறது. பைத்தானில் எம்பிமேத் நூலகத்தை வைத்து இலக்கங்களை 60 ஆக உயர்த்தினால் ய = 10-க்குத் தொடர்கூட வேலை செய்யும், கொஞ்சம் மெதுவாக.

எண்முறைத் திருப்பலில் ஸ்டெஃபெஸ்ட் ஒன்று சொல்கிறது, டால்பாட் வேறொன்று சொல்கிறது

இரண்டுமே ஊ(ச)-வை எண்முறையில் திருப்பி உ(ந)-வைத் தரும் முறைகள். முதலில் எது தவறு என்று தெரிய வேண்டும். ஆடும் விடை என்றால், அதாவது அ ஒன்றுக்கு மேல் என்றால், ஸ்டெஃபெஸ்ட்டைச் சந்தேகியுங்கள். அது ச-வின் மெய்மதிப்புகளை மட்டுமே பார்க்கிறது, ஆட்டங்களைத் தட்டையாக்கிவிடும். உறுப்புகளைக் கூட்டினால் சரியாகும் என்று 14-லிருந்து 24-க்குப் போனால், குறி மாறும் பெரிய கெழுக்கள் துல்லியத்தைத் தின்று விடை ரம்பப்பல் போல ஆகும்.

ஆடாத, வழவழப்பான விடைக்கு ஸ்டெஃபெஸ்ட் சரியாகவும் டால்பாட் தவறாகவும் வந்தால், நிரலில் ச-வின் அடுக்கை எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். நான் இதில் ஒரு வாரம் தொலைத்திருக்கிறேன். ச^1.5 என்பதை (ச²)^0.75 என்று எழுதியிருந்தேன். வேறொரு கோவையைச் சுருக்கும்போது அப்படி வந்துவிட்டது. மெய்யெண்ணுக்கு இரண்டும் ஒன்று. வலது அரைத்தளத்திலும் ஒன்று. டால்பாட் ச-வின் கலப்பெண் தளத்தில் ஒரு பாதை வழியே தொகையிடுகிறது; அந்தப் பாதையோ இடது அரைத்தளத்துக்குள் வளைந்து போகிறது. அங்கே ச-வின் கோணம் 90 பாகையைத் தாண்டியதும் ச²-இன் கோணம் 180-ஐத் தாண்டுகிறது, கணினி அதை எதிர்க்குறிக் கோணமாக மாற்றிக்கொள்கிறது, அடுக்கு வேறொரு கிளைக்குத் தாவிவிடுகிறது. பெருக்கல், வகுத்தல், மூலம் எதற்குள்ளும் ச-வை மறைக்காமல், ஒவ்வொரு பின்ன அடுக்கையும் ச-விலிருந்தே நேரடியாக எடுங்கள்.

ஆடும் விடையில் டால்பாட் தொடக்கத்தில் சரியாக இருந்து பிறகு பிசகினால் காரணம் வேறு. நேரம் கூடக்கூடப் பாதை சுருங்குகிறது, கற்பனைப் பகுதி பெரிதாக உள்ள துருவங்கள் பாதைக்கு வெளியே விழுந்துவிடுகின்றன. புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

நிமிடத்தில் போட்டால் ஒரு விடை, நொடியில் போட்டால் வேறு விடை

இதை நான் மிக அதிகமாகப் பார்த்திருக்கிறேன். முதல் வரிசையில் தேய்வு மாறிலி நொடிக்கு 0.5. வகைக்கெழுவை 1/2 வரிசைக்கு மாற்றிவிட்டு, வலப்பக்கத்தில் அதே 0.5-ஐ விட்டுவைத்தால் அலகு பொருந்தாது. இடப்பக்கம் நொடி^(−1/2), வலப்பக்கம் நொடி^(−1).

ந = 2 நொடியில் பாருங்கள். நொடிக் கணக்கில் 0.5×√2 = 0.707, விடை 0.523. அதையே நிமிடத்தில் எழுதினால் மாறிலி நிமிடத்துக்கு 30, நேரம் 1/30 நிமிடம், 30×√(1/30) = 5.48, விடை 0.101. ஒரே பொருள், ஒரே கணம். மாறிலியை 0.5^அ என்று எழுதுங்கள், அதாவது (0.5·ந)^அ என்ற சேர்க்கையாக வரட்டும். அப்போது எந்த அலகிலும் 0.4276 கிடைக்கும்.

பகுதியில் இரண்டு பின்ன அடுக்குகள், அட்டவணையில் எதுவும் பொருந்தவில்லை

பாக்லியும் டார்விக்கும் 1984இல் எழுதிய சமன்பாடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாய்மத்தில் மூழ்கி, வில்லில் தொங்கி ஆடும் தட்டு. ஊ(ச)-வின் பகுதி ச² + ச^(3/2) + 1 போன்றது. எல்லா அடுக்கும் 1/2-இன் மடங்கு என்பதைக் கவனித்தால் வழி திறக்கும். ப = √ச என்று வையுங்கள், ப⁴ + ப³ + 1 என்று சாதாரணப் பல்லுறுப்புக் கோவை ஆகிவிடும். பகுதிப் பின்னமாகப் பிரியுங்கள். ஒவ்வொரு மூலம் ம-வுக்கும் 1/(√ச − ம) திரும்பித் தருவது 1/√(பை·ந) + ம·எக்ஸ்ப்(ம²·ந)·எர்ஃப்சி(−ம√ந).

இங்கே மூன்று இடத்தில் கால் இடறும். ஒன்று, 1/√(பை·ந) உறுப்புகள் எல்லாம் கூடிச் சுழியாக வேண்டும், ஏனென்றால் பகுதிப் பின்னக் கெழுக்களின் கூட்டுத்தொகை சுழி. மூலங்களை நான்கு இலக்கத்துக்கு வெட்டி எழுதினால் அந்தக் கூட்டுத்தொகை சுழியாகாது, ந = 0-இல் பொய்யான ஒரு கூர்முனை நிற்கும். இரண்டு, எக்ஸ்ப் பெருத்தும் எர்ஃப்சி சிறுத்தும் போய்ப் பெருக்கல் உடைந்துவிடும். இரண்டையும் சேர்த்தே கணக்கிடும் ஃபடீவா சார்பைப் பைத்தானின் சைபை நூலகத்திலிருந்து எடுங்கள், அது கலப்பெண்ணுக்கும் வேலை செய்யும்.

மூன்றாவதுதான் பலரையும் குழப்புவது: ஒரு மூலத்தின் மெய்ப்பகுதி நேர்க்குறி, ஆனாலும் விடை அடங்குகிறது. பயப்பட வேண்டாம். மெய்ப்பகுதி 1, கற்பனைப் பகுதி 2 உள்ள ஒரு மூலத்தை எடுங்கள். அதை வர்க்கப்படுத்தினால் மெய்ப்பகுதி −3. எக்ஸ்ப்(ம²·ந) தேயத்தான் செய்யும். ப-தளத்தில் நிலைத்தன்மைக்கான எல்லை 90 பாகை அல்ல, 45 பாகை. பொதுவாக மூலத்தின் கோணம் அ·பை/2-ஐவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது மத்தீன்யோன் 1996இல் தந்த நிபந்தனை.

அரை வகைக்கெழுவை இரண்டு முறை போட்டால் முழு வகைக்கெழு வரவில்லை

வரத் தேவையில்லை. √ந-வின் கபூட்டோ அரை வகைக்கெழு ஒரு மாறிலி, 0.886. மாறிலியின் அரை வகைக்கெழு சுழி. ஆனால் √ந-வின் முதல் வகைக்கெழு 1/(2√ந). உருமாற்றத்தில் ச^(1/2)-ஐ இரண்டு முறை பெருக்கி ச என்று எழுதும்போது, நடுவில் நிற்கும் அரை வகைக்கெழுவின் தொடக்க மதிப்பு 0.886-ஐ விழுங்கிவிடுகிறீர்கள். அடுத்தடுத்த வகைக்கெழுக்கள் வரும் சமன்பாட்டில் ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாக உருமாற்றம் எடுங்கள்.

சுமுடு உருமாற்றத்தில் ஒரு விடை, லாப்லாஸில் வேறு விடை

இரண்டில் ஒன்றில் அட்டவணைப் பிழை இருக்கிறது. வேறு காரணம் இருக்க முடியாது. வட்டுகல 1993இல் தந்த சுமுடு உருமாற்றம், லாப்லாஸ் உருமாற்றத்தில் ச-வுக்குப் பதில் 1/வ போட்டு, வ-வால் வகுத்தது. எல்சாக்கி என்பது அப்படி 1/வ போட்ட லாப்லாஸை வ-வால் வகுக்காமல் வ-வால் பெருக்கியது. அபூத் என்பது லாப்லாஸை அதன் மாறியால் வகுத்தது. இவற்றால் தீரும் சமன்பாடு லாப்லாஸாலும் தீரும். புதிய உருமாற்றத்தில் விடை கிடைத்தால் மாறியை மாற்றி லாப்லாஸுக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். ஐந்து நிமிடம்.

விசை கொடுப்பதற்கு முன்பே பொருள் அசைகிறது

இது ஃபூரியே முறையில் வருவது. முதல் காரணம் குறி: உங்கள் நூலகம் எக்ஸ்ப்-இன் அடுக்கில் எந்தக் குறியை வைத்திருக்கிறது என்று பாருங்கள். முழு வரிசையிலும் இந்தப் பிழை வரும். பின்ன வரிசையில் அது அடுக்குக்குள் புகுந்துகொள்வதால் கண்ணில் படுவது கடினம். அதிர்வெண் உறுப்பின் இணைக் கலப்பெண்ணை எடுத்துவிட்டால் காலம் பின்னோக்கி ஓடும்.

குறி சரியென்றால் வால் மடிகிறது. விரைவு ஃபூரியே உருமாற்றம் நேரத்தை வட்டமாகப் பார்க்கிறது, வலது ஓரத்தில் தேயாமல் மிஞ்சியது இடது ஓரத்தில் வந்து உட்காரும். அடுக்குக்குறித் தேய்வில் ந = 100-இல் மிஞ்சுவது 10^(−44) அளவு, கவலையில்லை. உரைகல்லில் மிஞ்சுவது 0.056. அதன் தேய்வு 1/√ந வேகத்தில்தான் என்பதால், அதைப் பத்தில் ஒரு பங்காக்க நேர நீளத்தை நூறு மடங்கு கூட்ட வேண்டும். கட்டுப்படியாகாது. தொடக்க நிபந்தனை உள்ள கணக்கு என்றால் ஃபூரியேயை விட்டுவிட்டு லாப்லாஸுக்கு வந்துவிடுங்கள்.

சமன்பாட்டில் உ² இருக்கிறது

உ²-இன் உருமாற்றம் ஊ² அல்ல. இங்கே உருமாற்றம் உதவாது. டீட்டெல்ம், ஃபோர்டு, ஃப்ரீடு மூவரும் 2002இல் தந்த முன்கணித்துத் திருத்தும் முறைக்குப் போங்கள். தொடக்கத்துக்கு அருகே மட்டும் படிகளை நெருக்கமாக வையுங்கள்: விடை அங்கே ந^அ போல நடப்பதால் அதன் சாய்வு முடிவிலி, சம இடைவெளிப் படிகள் முதல் சில புள்ளிகளிலேயே துல்லியத்தை இழந்துவிடும். உ² உறுப்பை நீக்கிவிட்டு அதே நிரலை ஒருமுறை ஓட்டி, ந = 1-இல் 0.4276 வருகிறதா என்று பார்த்துவிட்டு உறுப்பைத் திரும்பச் சேருங்கள்.